பதிலுக்கு இடமில்லாத பேச்சு

2024 ஆகஸ்ட் மாத இறுதியில் சென்னையில் இரண்டு அரசுப் பள்ளிகளில் ஒருவர் தன்னம்பிக்கை உரை ஆற்றினார். ஒன்று அசோக் நகர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, மற்றது சைதாப்பேட்டை மாதிரிப் பள்ளி. முற்பிறவி, கர்மா, உடற்குறையோடு பிறப்பதற்கான காரணம் என்றெல்லாம் பேச்சு போயிற்று. பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, பள்ளிக்கூடத்தில் இதைப் பேசலாமா என்று கேட்டார். பேசியவர், பிள்ளைகளுக்கு முன்னால், அவரோடு மல்லுக்கு நின்றார். வீடியோ பரவியது. செப்டம்பர் முதல் வாரத்தில் பேசியவர் கைதானார். இரண்டு பள்ளித் தலைமை ஆசிரியர்களும் மாற்றப்பட்டார்கள். அமைச்சர் அசோக் நகர்ப் பள்ளிக்கு நேரில் வந்தார். பள்ளிகளில் யாரைப் பேச அனுமதிப்பது என்பது பற்றி ஒரு மாத காலம் பத்திரிகைகளில் சர்ச்சை நடந்தது.

கோபப்பட்டவர்கள் நியாயமாகவே கோபப்பட்டார்கள். ஒரு குழந்தையின் ஊனம் அது செய்த பாவத்தின் கூலி என்று குழந்தைகளிடமே சொல்வதை எந்தத் தத்துவத்தைக் கொண்டும் மூடி மறைக்க முடியாது. ஆனால் கோபம் முழுவதும் பேச்சின் விஷயத்தின்மீது போய் நின்றுவிட்டது. பேச்சின் உருவத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உருவமும் உள்ளடக்கமும் இரண்டல்ல என்று கவிதை விஷயத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டு வருகிற நம்மவர்களும் பார்க்கவில்லை.

அந்த உருவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் கையில் மைக். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தரையில். மைக் வைத்திருப்பவருக்கு எழுந்து நடக்கவும் குரலை ஏற்றி இறக்கவும் சுதந்திரம் உண்டு. மற்றவர்களுக்குக் கைதட்டும் சுதந்திரம் மட்டும். இந்த வகைக் கூட்டங்களில் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, அப்பா அம்மாவை நினைக்கச் சொல்லி அழ வைப்பது ஒரு உத்தியாகவே ஆகிவிட்டது. அழுதால் பேச்சு வெற்றி. இதே மேடையில், இதே தோரணையில், ஒருவர் வந்து மறுபிறவி கிடையாது, விஞ்ஞானத்தை நம்புங்கள் என்று முழங்கிவிட்டுப் போயிருந்தால் நாம் திருப்தியாகி வீட்டுக்குப் போயிருப்போம். எனக்கு அந்தத் திருப்தி போதாது. பிள்ளைகள் அப்போதும் கைதான் தட்டியிருப்பார்கள். எது சொன்னாலும் தட்டுவதற்குப் பழக்கப்பட்ட கைகள் அவை. அன்று பேச்சு என்ற சொல்லுக்கு அருகதையான ஒரு காரியத்தைச் செய்தவர் அந்த ஆசிரியர் ஒருவர்தான். அவர் செய்தது, எதிரே இருப்பவன் சொன்னதைக் கேட்டு, அதற்குப் பதில் சொன்னது.

இந்த ஒரு காரியத்தைச் செய்யப் பிள்ளைகளுக்கு நம் பள்ளிகளில் எங்கே பயிற்சி கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி. வேறு சில தேசங்களில் உயர்நிலைப் பள்ளியிலேயே பேச்சு, விவாதம், சினிமா, நாடகம் ஆகியவை விருப்பப் பாடங்கள். மாணவன் கணக்கையோ பௌதிகத்தையோ எடுப்பதுபோல இவற்றில் ஒன்றை எடுத்து வருஷம் பூராவும் படிக்கலாம். நம்மிடம் இந்த நான்கும் இல்லாமலில்லை. ஆண்டு விழாவில் இருக்கின்றன. பாடமாக இல்லை, அலங்காரமாக இருக்கின்றன. இந்த வித்தியாசம் சின்னதல்ல.

பேச்சை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தவர்களுக்கு அந்த மதிப்பெண் தாள் தெரிந்திருக்கும். நானும் உட்கார்ந்திருக்கிறேன். உச்சரிப்புக்கு இவ்வளவு, குரல் வளத்துக்கு இவ்வளவு, மெய்ப்பாட்டுக்கு இவ்வளவு, கருத்துக்கு இவ்வளவு, நேரத்துக்குள் முடித்ததற்கு இவ்வளவு. பன்னிரண்டு பிள்ளைகள் வந்து ஒரே தலைப்பில் பேசுகிறார்கள். பன்னிரண்டும் யாரோ பெரியவர்கள் எழுதிக் கொடுத்தவை. ஆறாவதாகப் பேசுகிற பெண் தனக்கு முன்னால் ஐந்து பேர் பேசியதைக் கேட்டதற்கான தடயம் அவள் பேச்சில் ஒரு வரியில்கூட இருக்காது. இருந்தால் அவளுக்கு மதிப்பெண் குறையும், ஏனென்றால் மனப்பாடத்திலிருந்து விலகும்போது தடுமாறுவாள். தடுமாற்றத்துக்கு அந்தத் தாளில் கழித்தல் உண்டு. யோசனைக்குக் கூட்டல் கிடையாது.

இது எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. 1952இல் 'பராசக்தி' வந்தது. அதன் நீதிமன்றக் காட்சி மூன்று தலைமுறைப் பையன்களின் நாக்கில் ஏறி உட்கார்ந்தது. 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. மாறுவேடப் போட்டியில் அட்டை வாளோடு நிற்கும் ஐந்து வயதுக் கட்டபொம்மனை இன்றைக்கும் பார்க்கலாம். மேடைப் பேச்சு நாடகமாயிற்று, நாடகம் சினிமாவாயிற்று, சினிமா வசனம் மறுபடியும் பள்ளிக்கூட மேடைப் பேச்சாயிற்று. பேச்சும் நாடகமும் சினிமாவும் நம்மிடையே ஏற்கெனவே ஒரே பாடமாகத்தான் கற்பிக்கப்பட்டு வருகின்றன. வகுப்பறைக்கு வெளியே, ஆசிரியர் இல்லாமல், விமர்சனம் இல்லாமல். 'பராசக்தி'யின் அந்தக் காட்சியின் சமூக வேகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பேசவே கூடாது என்று வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு அது ஒரு குரலைக் கொடுத்தது. ஆனால் நீதிமன்றம் என்பது இரண்டு கட்சிகள் பேசுகிற இடம். படத்தில் அது ஒருவனே பேசுகிற இடமாகிவிட்டது. எதிர்த் தரப்பு வாயடைத்து நிற்பதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. நாம் அந்தக் காட்சியிலிருந்து வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. எதிராளி வாயடைத்து நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

விவாதம் என்றால் பட்டிமன்றம் இல்லையா என்று கேட்பார்கள். பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் இருக்கிறது. பல சமயத்தவரும் வந்து தங்கள் தத்துவத்தை நிறுத்திக் காட்டுவதற்கான இடம் அது. நீலகேசியை எடுத்துப் பாருங்கள். ஒரு ஜைனப் பெண் துறவி ஊர் ஊராகப் போய் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேஷிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவரையும் வாதத்துக்கு இழுக்கிறாள். அவள் ஜெயிப்பது முன்பே தெரிந்ததுதான், எழுதியவர் ஜைனர். ஆனாலும் எதிராளியின் கட்சியைச் சொல்லாமல் அதை மறுக்க முடியாது என்ற ஒழுக்கம் அந்த நூலுக்கு இருக்கிறது. முழுதாக அழிந்துபோன குண்டலகேசியின் பாட்டுகள் சிலவாவது நமக்கு மிஞ்சியதில் நீலகேசி உரைக்கும் ஒரு பங்கு உண்டு. மறுக்க வந்தவன் மறுக்கப்பட்டதைக் காப்பாற்றி வைத்திருக்கிறான். விவாதம் ஒரு நாகரிகம் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்றைய பட்டிமன்றம் வேறு. காரைக்குடிக் கம்பன் கழகம் 1939இல் தொடங்கியது. அந்த மேடையிலும் குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக இருந்த மேடைகளிலும் அதற்கு ஒரு இலக்கியக் காரணம் இருந்தது. ஒரு பாத்திரத்தின் செயலை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கச் செய்வது கெட்ட பயிற்சியல்ல. தொலைக்காட்சியில் பண்டிகைப் பலகாரமாக அது மாறியபோது, முன்னவர் சொன்னதற்குப் பதில் என்பது முன்னவரைக் கேலி செய்வது என்று ஆகிவிட்டது. கடைசியில் நடுவர் இரண்டும் வேண்டும் என்று ஒரு சமரசத் தீர்ப்பு வழங்குவார். அல்லது கூட்டம் எந்தப் பக்கம் சிரித்ததோ அந்தப் பக்கம் சாய்வார். பள்ளிக்கூடம் இதைத்தான் நகல் எடுத்தது. பேசியவர்களில் ஒருவராவது பேச்சு முடிந்தபோது தன் அபிப்பிராயத்தில் ஒரு நூல் இடம் பெயர்ந்தார் என்று பார்த்ததுண்டா? பெயர்ந்தால் கட்சி மாறிவிட்டான் என்பார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது சுலபம், அது பொய்யும்கூட. 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பேச்சு, நாடகம், கூத்து, இசை எல்லாம் உண்டு. ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். 2022 அக்டோபரில் சிறார் திரைப்படத் திரையிடலும் தொடங்கியது. முதலில் காட்டச் சொன்ன படம் ஆல்பெர்ட் லாமொரிஸ் 1956இல் எடுத்த 'சிவப்பு பலூன்'. இந்தத் தேர்வைச் செய்தவர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம். முப்பத்து நான்கு நிமிஷப் படம். ஒரு பையன், ஒரு பலூன், பாரீஸின் மேட்டுத் தெருக்கள். அனேகமாகப் பேச்சே கிடையாது. பேச்சே இல்லாத அந்தப் படத்துக்குத்தான் திரைக்கதைக்கான ஆஸ்கார் கொடுத்தார்கள் என்பது நம் வசனகர்த்தாக்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய சமாசாரம்.

ஆனால் படம் முடிந்த பிறகு என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கதையைச் சொல், படத்தின் நீதி என்ன, உனக்குப் பிடித்த பாத்திரம் எது என்று கேட்டால் படம் அங்கேயே செத்துவிடும். மற்றப் பையன்கள் அந்தப் பலூனை ஏன் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள், அவர்களில் ஒருவனாக நீ இருந்திருப்பாயா என்று கேட்டால் வகுப்பில் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்திலிருந்துதான் பேச்சுப் பாடம் தொடங்க முடியும். அதற்கு ஒரு ஆசிரியரும் வாரம் இரண்டு பீரியடும் வேண்டும். சுற்றறிக்கையில் அது முடியாது.

இன்னொரு உதாரணம் நம் கும்பலுக்கு ரொம்ப நெருக்கமானது. பன்னிரண்டாம் வகுப்பின் இப்போதைய தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஆறாவது இயலைப் பிரித்துப் பாருங்கள். 'திரைமொழி' என்று ஒரு பாடம் இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஆடலரங்கு இருக்கிறது. சிவாஜி கணேசனைப் பற்றி ஒரு மலையாளக் கவிஞர் எழுதியது இருக்கிறது. நடுவில் நகுலன் கவிதைகள். 'எழுத்து'வில் எழுதிய நகுலன், நானூறு பேர் படித்துக்கொண்டிருந்த நகுலன், இன்று லட்சக்கணக்கான பையன்கள் பெண்கள் கையில். இந்த இயலைத் தொகுத்தவர்கள் சினிமாவையும் நாடகத்தையும் கவிதையையும் ரஸக் கோட்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கண்டார்கள். நான் மேலே கேட்கிற விருப்பப் பாடத்தின் வித்து அங்கே விழுந்திருக்கிறது. அப்புறம் என்ன நடக்கிறது? நகுலன் குறுவினாவாகிறார். மெய்ப்பாடு எட்டும் எவையெவை என்பது இரண்டு மதிப்பெண். பொதுத் தேர்வுக்கு முன்னால் கையேட்டில் விடை தடித்த எழுத்தில் வந்துவிடுகிறது. அழுகை என்ற மெய்ப்பாட்டை உடம்பில் கொண்டு வந்து பார்க்காமல் அதன் நான்கு காரணங்களை எழுதி முழு மதிப்பெண் வாங்கலாம். நகுலனின் வரிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் ஒரு நிமிஷம் சும்மா இருக்காமல் அவரைப் பாஸ் பண்ணிவிடலாம்.

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பள்ளிப் பாடம். சாதாரணதரத்தில் சித்திரம், சங்கீதம், நடனம் போல அழகியல் பாடங்களில் ஒன்றாகவும், உயர்தரத்தில் பல்கலைக்கழகப் பிரவேசத்துக்கு எண்ணப்படும் பாடங்களில் ஒன்றாகவும் தமிழிலேயே படிக்கலாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் பேராதனையில் கூத்தை மறுபடியும் மேடைக்குக் கொண்டுவந்தார். 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். சண்முகலிங்கம் பள்ளிக்கூடங்களுக்கென்றே எழுதிக் குவித்தார். சிறுவர்க்கு எழுதியபோது அவர் நீதி சொல்லவில்லை, விளையாட்டுக் கொடுத்தார். 1985இல் அவர் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகப் போயிற்று. யுத்தத்தில் நொந்த மனங்களைப் பற்றிய 'அன்னை இட்ட தீ', பிள்ளைகள் அந்நியம் போய்விடத் தனித்துவிடப்பட்ட கிழவர்களைப் பற்றிய 'எந்தையும் தாயும்' ஆகியவை தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் வந்தவை. நம்மிடம் பள்ளி நாடகம் என்றால் இந்த மாதிரி ஒரு பெயரைச் சொல்ல முடியுமா? பாடம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஆசிரியர் வேண்டியிருக்கிறது. ஆசிரியர் வந்தால் பிரதி வேண்டியிருக்கிறது. பிரதி வேண்டும் என்றால் எழுத ஒருவன் வந்துவிடுகிறான். யாழ்ப்பாணம் எனக்குக் காட்டுவது இந்தச் சாதாரண உண்மையை.

பாடமாக்கினால் அதுவும் பரீட்சையாகி நாசமாகாதா என்று கேட்கலாம். ஆகலாம். உயர்தரப் பரீட்சைக்கும் நோட்ஸ் உண்டு, டியூஷன் உண்டு. நாடக வரலாற்றை உருப்போட்டு மேடையேறாமலே தேறிவிடுகிற ஆபத்து எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. அதனால் நான் கேட்பது இன்னொரு பரீட்சையை அல்ல. பாடம் எதைச் சோதிக்க வேண்டும் என்பதை மாற்றச் சொல்கிறேன்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல முன்னுதாரணம் பெர்லினில் நடந்தது. 1930இல் பிரெக்ட், குர்ட் வைல் இசையோடு, பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு சின்ன இசை நாடகம் எழுதினார். 'ஆம் என்று சொன்னவன்' என்று அதைச் சொல்லலாம். மூலம் ஒரு ஜப்பானிய நோ நாடகம். நோயுற்ற தாய்க்கு மருந்து கொண்டுவர மலை கடக்கும் கூட்டத்தோடு போகிற சிறுவன் வழியில் தானே நோய்வாய்ப்படுகிறான். பழைய வழக்கப்படி அவனைப் பள்ளத்தில் எறிந்துவிட்டுப் போக வேண்டும். அவனுடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பதும் வழக்கம். அவன் ஆம் என்கிறான். நாய்கோல்ன் பகுதியில் கார்ல் மார்க்ஸ் பள்ளி மாணவர்கள் இதை எடுத்து விவாதித்தார்கள். பையன் ஏன் சாக வேண்டும், வேறு வழியே இல்லையா, வழக்கம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார்கள். பிரெக்ட் அவர்களுக்கு விளக்கவுரை கொடுத்து உட்கார வைக்கவில்லை. நாடகத்தைத் திருத்தி எழுதினார். கூடவே 'இல்லை என்று சொன்னவன்' என்று இன்னொன்றும் எழுதினார். அதில் சிறுவன் மறுக்கிறான். ஒவ்வொரு புது நிலைமையிலும் புதிதாக யோசிப்பது என்ற புது வழக்கம் வேண்டும் என்கிறான். இரண்டையும் சேர்த்தே மேடையேற்ற வேண்டும் என்பது பிரெக்ட்டின் விருப்பம்.

மாணவன் பேசியதால் நாடகாசிரியனின் பிரதி மாறியது. பாடத்தின் அளவுகோல் இதுதான் என்பேன். ஒரு வருஷ முடிவில், யாராவது சொன்னதைக் கேட்டு எது எங்கே மாறியது என்று மாணவன் சொல்ல வேண்டும். பேச்சு வகுப்பில், முன்னால் பேசியவள் சொன்னதை அவளே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் பேச்சைத் தொடங்கலாம் என்று ஒரே ஒரு விதி போதும். நீலகேசி எழுதியவருக்குத் தெரிந்த விதி. விவாத வகுப்பில் பாதி நேரம் முடிந்ததும் கட்சிகளை மாற்றிவிடலாம். சினிமா வகுப்பில் ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பிறகு சத்தத்தோடு ஓடவிட்டு, வசனம் எதைக் கூட்டியது, எதைக் கெடுத்தது என்று கேட்கலாம். 'பராசக்தி'யையே ஓடவிடலாம், அந்தப் படத்தை மதிப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. நாடக வகுப்பில் நடிப்பு என்பது எதிரே நிற்பவன் சொல்வதை ஒவ்வொரு முறையும் முதல் தடவையாகக் கேட்பதுதான் என்று தெரிந்துகொண்டால் போதும். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நடிகனின் உடம்பையும் குரலையும் பற்றி நமக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஒரு பங்காவது பள்ளிக்குள் நுழைய வேண்டாமா? 2012இல் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. ஓவியம், இசை, தையல் எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். நாடகத்தைச் சேர்க்கத் தோன்றவில்லை.

தோன்றாததற்கு அரசு மட்டும் பொறுப்பல்ல. மேடைத் தமிழைப் பரிகசிப்பதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது. பரிகாசம் தகுதியானதுதான். ஆனால் அந்த மேடை பள்ளிக்கூடத்தில் கட்டப்படுகிறது, பத்து வயதில், ஆண்டு விழாவில். நம் பத்திரிகைகள் பள்ளிக்கூடத்தின் வாசலைத் தாண்டியதில்லை. சி.சு. செல்லப்பா புஸ்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அவருக்குப் பிறகு அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு படி கீழே, பத்தாம் வகுப்புக்கு, யாரும் போகவில்லை. வாசகன் தானாக வருவான், வர வேண்டியவன் வருவான் என்று ஒரு விதிவாதம் நம்மிடையே இருக்கிறது. கர்மா பேசியவரைக் கண்டித்தவர்கள் நாம். நம்முடைய இந்த விதிவாதத்தையும் கொஞ்சம் பரிசீலிக்கலாம்.

அசோக் தூணுக்குப் பக்கத்தில் உதயம் தியேட்டர் இருந்தது. அதை மூடி இடித்தாகிவிட்டது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து ஒரு படம் பார்த்து, வெளியே வந்து, தெருவில் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போக இருந்த இடம் போய்விட்டது. இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு படம். சேர்ந்து பார்க்கவும் சேர்ந்து பேசவும் மிச்சமிருக்கிற இடம் பள்ளிக்கூடம்தான். அங்கே யார் மைக்கைப் பிடிக்கலாம் என்பதற்கு வழிமுறைகள் வகுத்தாயிற்று. மைக்கை வைத்துவிட்ட பிறகு பிள்ளைகள் என்ன கேட்கலாம் என்பதற்கு ஒரு பாடம் வகுக்க வேண்டியிருக்கிறது. ஒரு பள்ளியில், பதினொன்றாம் வகுப்பில், இருபது பேரோடு, மதிப்பெண் இல்லாமல் வாரத்துக்கு இரண்டு பீரியட் என்று ஆரம்பிக்கலாம். அசோக் நகருக்கும் விருகம்பாக்கத்துக்கும் நடுவே குடியிருக்கும் எழுத்தாளர்கள், நடிகர்கள், சினிமாக்காரர்களின் எண்ணிக்கை இதற்கு வேண்டியதைவிடப் பல மடங்கு. அடுத்த தடவை யாரோ ஒருவர் வந்து பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லும்போது, எழுந்து ஏன் என்று கேட்பது ஒரு ஆசிரியரின் தனிப்பட்ட தைரியத்தை நம்பி இருக்கக் கூடாது.